வீட்டில் மாட்டிறைச்சி ஸ்டேக்: கறி வாங்குவது முதல் வெட்டிப் பரிமாறுவது வரை

குழம்பும் வறுவலும் நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்களே ஸ்டேக் (கல்லில் சுடும் கனமான கறித் துண்டு) செய்யும்போது அதிகம் தடுமாறுகிறார்கள். அன்று வெட்டிய கறியை வாங்குவது, மஞ்சள் போட்டு நன்றாகக் கழுவுவது, மசாலாவில் ஊறவைப்பது, மூடி போட்டு வேகவைப்பது, இத்தனை நிமிடம் என்று கணக்கு வைத்து இறக்குவது ஆகிய அனைத்தும் குழம்புக்கு ஏற்ற முறைகள். ஸ்டேக்குக்கு இவற்றில் ஒன்றும் உதவாது. குழம்பில் கறித் துண்டு முழுவதும் 100 டிகிரிக்கு அருகில் நீண்ட நேரம் இருப்பதால் அதன் இணைப்புத் திசுக்கள் கரைந்து கறி மெத்தென்று ஆகிறது. ஸ்டேக்கிலோ ஒரே துண்டின் மேற்பரப்பு 150 டிகிரியைத் தாண்டிச் சிவக்க வேண்டும், அதே நேரத்தில் நடுப்பகுதி 55 அல்லது 60 டிகிரியோடு நின்றுவிட வேண்டும். இந்த இரண்டு வெப்பநிலைகளையும் ஒரு துண்டில் சேர்த்துக் கொண்டுவருவதற்காகத்தான் கீழே உள்ள ஒவ்வொரு படியும் இருக்கிறது. வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸில் தரப்பட்டுள்ளன.

சாப்பிடும் நாளுக்கு முந்தைய நாளே வேலையைத் தொடங்க வேண்டும்; அன்று வெட்டிய கறி என்றால் இரண்டு மூன்று நாட்கள் முன்பே வாங்கிவிட வேண்டும். அடுப்பருகில் நிற்கும் நேரம் சுமார் கால் மணிதான் என்றாலும், அதற்கு முன் நடப்பவையே விளைவைத் தீர்மானிக்கின்றன.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

கனமான வார்ப்பிரும்புக் கல் அல்லது வாணலி ஒன்று வேண்டும். குளிர்ந்த கறியை வைத்தவுடன் மெல்லிய பாத்திரத்தின் சூடு சட்டென்று இறங்கிவிடும், ஆனால் கனத்த இரும்பு தன்னுள் தேக்கி வைத்த வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். வீட்டில் உள்ள வார்ப்பிரும்புத் தோசைக்கல்லே போதும். விளிம்பு உயர்ந்த வாணலியாக இருந்தால் எண்ணெய் தெறிப்பது குறையும், வெண்ணெயைக் கரண்டியால் அள்ளி ஊற்றுவதும் எளிதாக இருக்கும். தகட்டில் அடித்த மெல்லிய தோசைக்கல்லும் நான்-ஸ்டிக் தவாவும் வேண்டாம். நான்-ஸ்டிக் பூச்சு ஏறத்தாழ 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும்; வெறும் தவாவைப் பெரிய தீயில் விட்டால் அந்தச் சூடு சில நிமிடங்களிலேயே வந்துவிடும்.

கூர்முனை கொண்ட டிஜிட்டல் உணவு வெப்பமானியைத் தவிர்க்க முடியாத கருவியாகக் கருத வேண்டும். விரலால் அழுத்திப் பார்த்துப் பதம் சொல்லும் முறை, ஒரே வகைத் துண்டை நாள்தோறும் சுடும் சமையற்காரருக்குத்தான் கைவரும். புது வெப்பமானியை ஐஸ்கட்டிகள் நிறைந்த நீரில் நுழைத்துப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் நம்பலாம்.

இவற்றோடு நீளமான இடுக்கி, கம்பித் தட்டு, டிஷ்யூ தாள், ரீஃபைண்ட் எண்ணெய் ஆகியவை போதும். முள்கரண்டியால் குத்தித் திருப்ப வேண்டியதில்லை, இடுக்கி அதைவிட உறுதியாகப் பிடிக்கும்.

2. எந்தத் துண்டு, எவ்வளவு கனம்

விலங்கு குறைவாகப் பயன்படுத்தும் முதுகுப் பகுதித் தசைகளே ஸ்டேக்குக்கு ஏற்றவை. விலா எலும்பை ஒட்டிய ரிப்-ஐ, அதற்குப் பின்னால் வரும் ஸ்ட்ரிப்லாயின், முதுகெலும்பின் உட்புறம் ஓடும் டெண்டர்லாயின் ஆகிய மூன்றும் முதன்மையானவை. டெண்டர்லாயினை நம் ஊர்க் கறிக்கடைகளில் அண்டர்கட் என்று கேட்டால் தருவார்கள். தொடை, தோள், கால் பகுதிகளில் இணைப்புத் திசு மிகுதி. அவை குழம்புக்குச் சிறந்தவை. பத்து நிமிடச் சூட்டில் அவை ஒருபோதும் மென்மையாகாது.

சிங்கப்பூரிலோ லண்டனிலோ டொராண்டோவிலோ கடையில் வாங்குபவர்களுக்கு ரிப்-ஐ நல்ல தொடக்கம். தசைக்குள் நூல் நூலாக ஓடும் கொழுப்பு சற்றுக் கூடுதலாக வெந்துவிட்டாலும் கறியைக் காப்பாற்றும். தமிழ்நாட்டில் வாங்குபவர்களுக்கு என் பரிந்துரை அண்டர்கட் மட்டுமே. நம் கடைகளுக்கு வரும் மாடுகள் பெரும்பாலும் உழைத்தோ பால் கொடுத்தோ வயதானவை, ஆகவே அவற்றின் மற்ற தசைகள் இறுகிப் போயிருக்கும். பல கடைகளில் எருமைக் கறியும் விற்கப்படுகிறது. அதன் நிறம் ஆழ்ந்த சிவப்பு, கொழுப்பு வெள்ளை. எருமை அண்டர்கட்டிலும் நல்ல ஸ்டேக் செய்யலாம். கொழுப்பு குறைவு என்பதால் அதை மிகையாக வேகவிடாமல் இருப்பது மட்டும் முக்கியம்.

கடைக்காரரிடம் துண்டு போடாமல் முழுத் தசையாகக் கேளுங்கள். வீட்டில் நீங்களே தசைநார்களின் ஓட்டத்துக்குக் குறுக்காக வெட்டிக்கொள்ளலாம். கனம் குறைந்தது 3 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். மெல்லிய துண்டு சீக்கிரம் வெந்து எளிதாக இருக்கும் என்று எண்ணி ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வெட்டுகிறார்கள், பிறகு மேற்புறம் சிவப்பதற்குள் உட்புறம் முழுவதும் வெந்து சாம்பல் நிறமாகிவிடுகிறது. இரண்டு பேருக்கு இரண்டு மெல்லிய துண்டுகள் சுடுவதைவிட ஒரு கனமான துண்டைச் சுட்டு, பிறகு பகிர்ந்துகொள்வது எப்போதும் மேலானது.

3. அன்று வெட்டிய கறியைக் காத்திருக்க வைத்தல்

வெட்டிய சில மணி நேரத்தில் மாட்டின் தசைகள் விறைத்துப்போகின்றன. அந்த விறைப்பு தளர ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும், அதன் பிறகு தசையில் உள்ள நொதிகளே நார்களை மெல்ல மெல்லத் தளர்த்துகின்றன. வெளிநாடுகளில் கடைக்கு வரும் கறி, குளிர் அறையில் ஒன்றிரண்டு வாரங்கள் இப்படி முதிர்ந்த பின்னரே பெரும்பாலும் விற்கப்படுகிறது. காலையில் வெட்டிய கறியை மதியமே கல்லில் போடுபவர் என்னதான் கவனமாகச் சுட்டாலும் அது மெல்ல முடியாதபடி இருக்கும்.

எனவே வாங்கியவுடன் குளிர்சாதனப் பெட்டியின் மிகக் குளிர்ந்த தட்டில், 4 டிகிரிக்குக் கீழே, இரண்டு மூன்று நாட்கள் வையுங்கள். அதற்கு மேல் வீட்டுப் பெட்டியில் வைப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். கதவு அடிக்கடி திறக்கப்படும் பெட்டியில் குளிர் ஒரே சீராக இருக்காது. உறைய வைத்த கறியாக இருந்தால், முந்தைய நாளே கீழ்த்தட்டுக்கு மாற்றி மெதுவாக உருகவிட வேண்டும். சமையல் மேடையில் வைத்து உருக்கினால் நடுப்பகுதி இளகுவதற்குள் மேற்பரப்பு நுண்ணுயிர்கள் பெருகும் சூட்டுக்கு வந்துவிடும்.

4. கழுவாமல் துடைத்தல்

கறியைக் கழுவாமல் அடுப்பில் ஏற்றுவது நம்மில் பலருக்கு மனம் ஒப்பாத செயல் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் இங்கே கழுவக் கூடாது. மேற்பரப்பில் உள்ள நுண்ணுயிர்களை நீர் அகற்றுவதில்லை. அது அவற்றைத் தொட்டியிலும் அருகில் உள்ள பாத்திரங்களிலும் தெளிக்கிறது; அவற்றைக் கொல்வது கல்லின் சூடு. சமையல் கணக்கில் அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. மேற்பரப்பில் நீர் இருக்கும்வரை அந்த இடத்தின் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது, சிவந்து மணக்கும் மேலோட்டை உண்டாக்கும் வேதிவினையோ ஏறத்தாழ 140 டிகிரியில்தான் வேகம் பிடிக்கும். ஈரமான கறி கல்லில் சுடப்படுவதில்லை, தன் ஆவியிலேயே வேகிறது.

எலும்புத் தூளோ மண்ணோ ஒட்டியிருந்து கழுவியே தீர வேண்டும் என்றால், விரைவாக அலசி உடனே துடைத்து, அடுத்த படியில் சொல்லியிருப்பதுபோல் இரவு முழுவதும் திறந்தபடி உலரவிடுங்கள். மற்றபடி டிஷ்யூ தாளால் எல்லாப் பக்கமும், ஓரங்களையும் சேர்த்து, தாளில் ஈரம் ஒட்டாத அளவுக்கு ஒற்றி எடுப்பதே போதும்.

5. உப்பிட்டு இரவு முழுவதும் திறந்து வைத்தல்

500 கிராம் கறிக்கு 5 முதல் 6 கிராம் உப்பு, அதாவது தலை தட்டிய ஒரு தேக்கரண்டிப் பொடியுப்பு, சரியான அளவு. கல்லுப்பு பயன்படுத்துவோர் அதைக் கரகரப்பாக இடித்துக்கொண்டு, தேக்கரண்டியை நம்பாமல் எடை போட்டுச் சேர்க்க வேண்டும். இருபுறமும் ஓரங்களிலும் சீராகத் தூவி, கம்பித் தட்டின் மேல் கறியை வைத்து, மூடாமல் குளிர்சாதனப் பெட்டியில் விடுங்கள். சமைத்த உணவுகளுக்குக் கீழே உள்ள தட்டில் வைத்து, அடியில் ஒரு தாம்பாளத்தையும் வைத்தால் சொட்டும் நீர் வேறெதன் மீதும் படாது.

உப்பு முதலில் கறியின் நீரை வெளியே இழுக்கும், பிறகு அந்த நீரிலேயே கரையும், கரைந்த உப்புநீர் மெல்ல மெல்ல மீண்டும் உள்ளே போகும். உள்ளே போன உப்பு தசைப் புரதங்களைச் சற்றுத் தளர்த்துவதால் சூட்டில் அவை இழக்கும் நீர் குறைகிறது. இந்தச் சுழற்சி ஓரளவு முடிய ஏறத்தாழ 40 நிமிடங்கள் ஆகும். இரவு முழுவதும் விட்டால் உப்பு இன்னும் ஆழமாகச் செல்லும், பெட்டியின் உலர்ந்த காற்றில் மேற்பரப்பும் தோல்போல் காய்ந்துவிடும். அந்தக் காய்ந்த தோற்றத்தைக் கண்டு கறி கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். நாம் வேண்டுவது அதுதான்.

நேரமில்லை என்றால் கல்லில் போடும் கணத்தில் உப்பிடுங்கள். உப்பிட்டுப் பத்து முதல் முப்பது நிமிடங்களுக்குள் சுடுவது மட்டும் கூடாது, ஏனெனில் அப்போது நீர் வெளியே வந்து நிற்கும், இன்னும் உள்ளே திரும்பியிருக்காது.

இஞ்சி பூண்டு விழுதும் மிளகாய்த்தூளும் தயிரும் இங்கே இடம்பெறுவதில்லை. அவை மேற்பரப்பை ஈரமாக்கும், கறி சிவப்பதற்கு முன்பே கருகிக் கசக்கவும் செய்யும். பப்பாளிக்காய் தடவினால் கறி மென்மையாகும் என்பது உண்மைதான், ஆனால் அது சில மில்லிமீட்டர் ஆழத்துக்குமேல் இறங்குவதில்லை. மேற்புறம் மட்டும் கூழாகும், உள்ளே இருந்த முறுக்கு அப்படியே இருக்கும். மிளகுகூடச் சுட்ட பிறகு பொடித்துத் தூவுவதே நல்லது.

6. எந்தப் பதம் வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்தல்

அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதி 55 டிகிரியில் இளஞ்சிவப்பாகவும் சாறு நிறைந்தும் இருக்கும், இதை மீடியம் ரேர் என்பார்கள். 60 முதல் 62 டிகிரி வரை உள்ள மீடியம் பதத்தில் நடுவில் மட்டும் மெல்லிய ரோஜா நிறம் தெரியும். 71 டிகிரியைத் தொட்டால் சிவப்பு முற்றிலும் மறைந்து, சாற்றில் பெரும்பகுதி வெளியேறியிருக்கும். 65 டிகிரிக்கு மேல் தசைப் புரதங்கள் கடுமையாகச் சுருங்கி நீரைப் பிழிந்துவிடுவதே இதற்குக் காரணம். அடுப்பிலிருந்து எடுத்த பிறகும் உள்சூடு 3 முதல் 5 டிகிரி வரை ஏறும் என்பதால், இலக்குக்கு அந்த அளவு முன்னதாகவே இறக்க வேண்டும். 55 வேண்டுமானால் 52-இல், 60 வேண்டுமானால் 56 அல்லது 57-இல் இறக்குங்கள்.

சிவப்பாக வடியும் நீரைக் கண்டு பலர் தயங்குகிறார்கள். அது இரத்தமன்று; தசையில் உள்ள மயோகுளோபின் என்ற நிறப்புரதம் கலந்த நீர். கொழுப்புள்ள ரிப்-ஐ 57 முதல் 60 வரை போனால்தான் அதன் கொழுப்பு இளகிச் சுவைக்கும். கொழுப்பற்ற அண்டர்கட் 55-ஐத் தாண்டாமல் இருந்தால் சிறப்பு. இளஞ்சிவப்புக்குப் பழகாதவர்கள் முதல் முறை 60-ஐ இலக்காகக் கொள்ளலாம்.

பாதுகாப்பைப் பற்றி ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். முழுத் துண்டில் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருப்பதால் நடுப்பகுதி குறைவாக வெந்தாலும் ஆபத்து குறைவு என்பது, நம்பகமான ஆய்வுக்கு உட்பட்ட கறிக்குத்தான் பொருந்தும். அமெரிக்க வேளாண்மைத் துறை முழுத் துண்டுகளுக்குப் பரிந்துரைப்பது 63 டிகிரியும் அதன்பின் 3 நிமிடக் காத்திருப்பும். கறி எங்கே வெட்டப்பட்டது, கால்நடை மருத்துவர் பார்த்தாரா என்று தெரியாத இடத்தில் நாடாப்புழுவின் இளநிலைக் கூடுகள் தசைக்குள்ளேயே இருக்கக்கூடும். அங்கே 63-க்குக் கீழே போக வேண்டாம். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியோர், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் ஆகியோருக்கும் அதே எல்லைதான். மென்மைக்காகக் கத்தியால் கொத்தியோ ஊசிகளால் குத்தியோ கொடுத்த கறி என்றால் மேற்பரப்பில் இருந்தவை உள்ளே போயிருக்கும், ஆகவே அதைக் கொத்துக்கறிபோல் 71 டிகிரி வரை வேகவைக்க வேண்டும்.

7. கல்லைச் சூடேற்றுதல்

ஜன்னல்களைத் திறந்து, புகைபோக்கி விசிறியை ஓடவிட்டு, வெறும் கல்லை நடுத்தரத் தீயில் 6 முதல் 8 நிமிடங்கள் வையுங்கள். பெரிய தீயில் சீக்கிரம் சூடாக்கினால் தீ படும் இடம் மட்டும் கொதித்து ஓரங்கள் குளிர்ந்தே இருக்கும். ஒரு சொட்டு நீர் விட்டால் அது கொதித்துப் பரவாமல் முத்தாக உருண்டு ஓட வேண்டும். சோதனைக்கு ஒரு சொட்டு போதும். தோசைக்குத் தெளிப்பதுபோல் தெளித்தால் ஏற்றிய சூடு இறங்கிவிடும்.

கறியைப் பெட்டியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாக எடுத்து வைக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கனமான துண்டின் நடுப்பகுதி சில டிகிரிதான் உயரும். நேராகப் பெட்டியிலிருந்து எடுத்து, மீண்டும் ஒருமுறை ஒற்றித் துடைத்துச் சுடலாம்.

எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் கறியின் மேல் மெல்லியதாகத் தடவுங்கள். கல்லில் காத்திருக்கும் எண்ணெய் கறி வருவதற்குள் புகைந்து கசந்துவிடும். ரீஃபைண்ட் கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ 220 டிகிரிக்கு மேலும் தாங்கும். மரச்செக்கு எண்ணெய்கள் மணத்தில் உயர்ந்தவையாக இருந்தும் இந்தச் சூட்டுக்கு ஏற்றவையல்ல. சுத்திகரிக்கப்படாததால் வெகு முன்பே புகையத் தொடங்கும். நெய் தாங்கும், வெண்ணெய் தாங்காது.

8. சுடுதல்

உடலிலிருந்து விலகும் திசையில் கறியைக் கல்லில் படுக்கவையுங்கள். உடனே உரத்த சீறல் எழ வேண்டும். எழாவிட்டால் தயங்காமல் கறியை எடுத்துவிட்டு, கல்லை இன்னும் இரண்டு நிமிடம் சூடாக்குங்கள். வைத்தவுடன் தோசைத் திருப்பியால் பத்து விநாடிகள் மெல்ல அழுத்தினால் மேடுபள்ளமின்றி முழுப் பரப்பும் கல்லைத் தொடும். அதன் பிறகு அழுத்த வேண்டாம்.

ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிக்கொண்டே இருங்கள். ஒரே ஒருமுறைதான் திருப்ப வேண்டும் என்ற கட்டுப்பாட்டைப் பலர் வேதவாக்காகக் கொள்கிறார்கள், ஆனால் அப்படிச் செய்தால் கீழ்ப்புறத்தில் வெப்பம் ஆழமாக இறங்கிச் சாம்பல் நிறப் பட்டை தடிக்கிறது. அடிக்கடி திருப்பும்போது மேலே வரும் பக்கம் சற்று ஆறுவதால் உட்புறம் சீராக வேகும், மொத்த நேரமும் குறையும். இரண்டு பக்கமும் நிறம் பிடித்ததும் தீயைச் சற்றுக் குறைக்கலாம். ஓரத்தில் கொழுப்புப் பட்டை இருந்தால் இடுக்கியால் துண்டை நிமிர்த்திப் பிடித்து, கொழுப்பு பொன்னிறமாகும்வரை கல்லில் நிறுத்துங்கள்.

மூடி போடக் கூடாது. ஆவி தங்கினால் உருவான மேலோடு நமுத்துவிடும். ஒரே கல்லில் பல துண்டுகளை நெருக்கி அடுக்குவதும் அதே விளைவைத்தான் தரும். இரண்டு துண்டுகளுக்கு இடையே இரண்டு விரல் இடைவெளி இல்லாவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாகச் சுடுங்கள்.

நான்காவது நிமிடத்திலிருந்து வெப்பமானியைப் பயன்படுத்துங்கள். மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டில் நுழைத்து, முனை சரியாக நடுவில் நிற்கும்படி பார்க்க வேண்டும். 3 சென்டிமீட்டர் துண்டு 55 டிகிரிப் பதத்துக்குச் சுமார் 8 நிமிடங்கள் எடுக்கும் என்றாலும், கல்லும் தீயும் கறியும் வீட்டுக்கு வீடு மாறுவதால் கடிகாரத்தைவிட வெப்பமானியையே நம்புங்கள்.

9. வெண்ணெய் சேர்த்தல்

இறக்கும் வெப்பநிலைக்கு இன்னும் 6 அல்லது 7 டிகிரி இருக்கும்போது தீயைக் குறைத்து, 30 கிராம் வெண்ணெய், தட்டிய மூன்று பூண்டுப் பற்கள், கிடைத்தால் ஒரு கொத்துத் தைம் (மணமூட்டும் மூலிகை) ஆகியவற்றைச் சேர்த்து, உருகும் வெண்ணெயைக் கரண்டியால் அள்ளி அள்ளிக் கறியின் மேல் ஒரு நிமிடம் ஊற்றுங்கள். தொடக்கத்திலேயே போட்டால் வெண்ணெயில் உள்ள பால்பொருள் கருகிவிடும். தட்டையான தோசைக்கல்லில் செய்பவர்கள் இந்தப் படியை விட்டுவிட்டு, இறக்கிய கறியின் மேல் ஒரு துண்டு வெண்ணெயை வைத்துவிடலாம். வழிந்து தீயில் விழும் வெண்ணெய் பற்றிக்கொள்ளக்கூடும்.

10. 4 சென்டிமீட்டருக்கு மேல் கனமானால்

இவ்வளவு கனமான துண்டு கல்லில் மட்டும் சுட்டால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். ஓ.டி.ஜி. அடுப்பு (சிறிய மின்சார அவன்) உள்ளவர்கள் வரிசையை மாற்றிச் செய்யலாம். அடுப்பை 120 டிகிரியில் வைத்து, கம்பித் தட்டில் கறியை வைத்து, நடுப்பகுதி 46 அல்லது 47 டிகிரி வரும்வரை விடுங்கள். பெரும்பாலும் அரை மணி நேரம் ஆகும். மெதுவான சூட்டில் உட்புறம் ஒரே சீராக வேகும், மேற்பரப்பும் நன்றாகக் காய்ந்துவிடும். பிறகு நன்கு சூடான கல்லில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் வாட்டினால் போதும். 60 டிகிரிக்கு மேல் வேண்டுவோர் அடுப்பில் இன்னும் சற்றுக் கூடுதலாக விட வேண்டும்.

11. விட்டுவைத்தலும் வெட்டுதலும்

இறக்கிய கறியைக் கம்பித் தட்டில் 5 முதல் 8 நிமிடங்கள் அப்படியே விடுங்கள். அந்த நேரத்தில் உள்சூடு இலக்கைத் தொடும், சாறும் சற்றுத் தடித்து வெட்டும்போது வழியாமல் நிற்கும். தட்டையான தட்டில் வைத்தால் அடிப்புறம் தன் சாற்றிலேயே ஊறி மொறுமொறுப்பை இழக்கும். அலுமினியத் தாளால் இறுக மூடினாலும் அதுவே நடக்கும். அடுப்பு வழியில் செய்த கனமான துண்டுக்கு இரண்டு நிமிடம் போதும்.

தசைநார்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பார்த்து, அவற்றுக்குக் குறுக்காக வெட்டுங்கள். நீளவாக்கில் வெட்டினால் நீண்ட நார்களை மெல்லும் வேலை பற்களுக்கு வரும், குறுக்கே வெட்டினால் கத்தியே அந்த வேலையை முடித்துவிடும். கரகரப்பாகப் பொடித்த மிளகை இப்போது தூவுங்கள்.

12. வெட்டிய முகத்தைப் பார்த்துத் தவறைக் கண்டறிதல்

வெளியோரத்தில் தடித்த சாம்பல் பட்டையும் நடுவில் சிறு சிவப்பும் இருந்தால் போதிய முறை திருப்பவில்லை. மேற்புறம் வெளிறியிருந்தால் ஈரம் இருந்தது அல்லது கல் போதிய அளவு காயவில்லை. அடுத்த முறை தீயைக் கூட்டுவதற்கு முன் உலர்த்துவதைக் கவனியுங்கள். வெப்பமானி சரியான எண்ணைக் காட்டியும் கறி மெல்ல முடியாமல் இருந்தால் குறை உங்கள் கையில் இல்லை, துண்டிலோ மாட்டின் வயதிலோ இருக்கிறது. அப்படிப்பட்ட கறியை மறுபடியும் கல்லில் ஏற்றினால் இன்னும் இறுகும். மெல்லிய சீவல்களாக வெட்டி, வெங்காயமும் மிளகும் சேர்த்து, நீர் விட்டு நிதானமாக வேகவைத்து வறுவலாக்கிவிடுங்கள்.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று நாட்களுக்குள் உண்ணுங்கள். கல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே சூடான நீர் விட்டுத் தேய்த்து, அடுப்பில் காயவைத்து, ஒரு துளி எண்ணெய் தடவி எடுத்து வையுங்கள். மாட்டுக் கொழுப்பின் மணம் இரும்பில் எளிதில் போகாது என்பதால், அடிக்கடி ஸ்டேக் செய்வதாக இருந்தால் தோசைக்கு வேறு கல் வைத்துக்கொள்வது நல்லது.